ஆள் எடுக்கறாங்களா?

(அமிர்தியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணியம்பாடியைத் தாண்டிப் பேருந்து இந்தப் பக்கம் திரும்பியதும், பக்கத்தில் இருந்த பெரியவர், "பூங்கா பாக்கவா சார்?" என்று கேட்டார். வெளியூர்க்காரன் அமிர்திக்கு வந்தால் 1967இல் தொடங்கிய உயிரியல் பூங்காவுக்கு வருவான், மழை பெய்திருந்தால் அருவிக்கு வருவான். "இல்லைங்க, ஃபுட்பால் பத்திப் பேச" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஆள் எடுக்கறாங்களா?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. இதே கணியம்பாடி வட்டாரத்தில்தான் கம்மவான்பேட்டை இருக்கிறது. பட்டாளத்துக்குப் போனவர் இல்லாத வீட்டை அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும். இராணுவப்பேட்டை என்றே சொல்பவர்கள் உண்டு. 'ஆள் எடுக்கிறார்கள்' என்றால் என்ன பொருள் என்று அந்த ஊர்ப் பையனுக்கு யாரும் விளக்க வேண்டாம். எந்த மைதானம், எத்தனை மணி, உயரம் எவ்வளவு, மார்பளவு எவ்வளவு, 1.6 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓட வேண்டும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மாமா சொல்லியிருப்பார், சித்தப்பா சொல்லியிருப்பார்.

கால்பந்துக் கிளப்புகளும் ஆள் எடுக்கின்றன. ஆனால் அவற்றின் அளவுகோல் எந்தப் பலகையிலும் எழுதி மாட்டப்படுவதில்லை. அதை உங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்வதுதான் இன்றைய வேலை.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1940களில் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பை நடத்திய ஜோதிஷ் குகாவுக்குக் கோலடிக்கும் முன்வரிசை வேண்டியிருந்தது. வங்காளத்தில் ஆட்டக்காரருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் தெற்கே பார்த்தார். அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் என்று ஐந்து பேர் தென்னாட்டிலிருந்து போய்ச் சேர்ந்தார்கள். பஞ்ச பாண்டவர் என்று கொல்கத்தாவே கொண்டாடியது. 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஈஸ்ட் பெங்கால் வசம். இந்த ஐவரில் அகமது கானும் தன்ராஜும் 1948 லண்டன் ஒலிம்பிக் அணியில் இருந்தவர்கள். குகா அவர்களை ஏதோ சந்துக்குள் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே பலர் பார்க்க ஆடிக்கொண்டிருந்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் வளர்ந்தவர், தொடக்கத்தில் சென்டர் ஃபார்வர்டு. 1950களில் இராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு வந்தார். ஆறடிக்கும் மேல் உயரம். அங்கே அவர் கோல்கீப்பரானார். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் அந்தப் பட்டாள அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. தங்கராஜ் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயரெடுத்தார். ஓர் ஆளிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். அதை எந்த இடத்தில் வைத்தால் விளையும் என்று பார்ப்பது மீதிப் பாதி. முதல் பாதிக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இரண்டாவதுக்கு ஒருவர் கிடைத்தாலே கிளப் பிழைத்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகு நம் ஊரில் ஆள் எடுப்பு என்றால் டிபார்ட்மென்ட் டீம்தான். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுத்தன. லெஃப்ட் விங் ஆடினால் குமாஸ்தா. ஆட்டக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பவர்கள்கூட குமாஸ்தாவுக்குக் கொடுத்தார்கள். நான் அந்த வழியில் வந்தவன், அதனால் அதைக் குறை சொல்ல நாக்கு எழாது. ஆனால் அந்த முறையில் ஒரு சங்கடம் இருந்தது. கோட்டா எந்த ஆண்டு திறக்கும் என்பது நிர்வாகத்தின் கையில். ஒரு பையனின் கால் உச்சத்தில் இருக்கும் ஆண்டும் கோட்டா திறக்கும் ஆண்டும் ஒன்றாக அமைய வேண்டும். எத்தனையோ பேருக்கு அமையவில்லை.

இன்று பெரிய கிளப்புகளில் இது தனி இலாகா. தலைமையில் ஸ்போர்ட்டிங் டைரக்டர். கோச் இரண்டு ஆண்டில் மாறலாம், டைரக்டர் மாறக் கூடாது என்பது கணக்கு. ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கோச்சிடம் மட்டும் விட்டால், அவர் போகும்போது அவருக்குப் பிடித்த பதினைந்து ஆட்டக்காரர்கள் கிளப்பின் தலையில் மிஞ்சுவார்கள். டைரக்டருக்குக் கீழே ஆள் தேடும் ஸ்கவுட்டுகள், அதாவது ஒரு தலைமை ஸ்கவுட், வட்டாரத்துக்கு ஒரு ஸ்கவுட், வீடியோ பார்ப்பவர்கள், கணக்குப் போடுபவர்கள். வேலை 'யார் நல்ல ஆட்டக்காரன்?' என்ற கேள்வியில் தொடங்குவதில்லை. 'நமக்கு என்ன குறை?' என்பதில் தொடங்குகிறது. இடது பேக் ஒருவர் வேண்டும், இடக்காலால் ஆட வேண்டும், வயது 23க்குள், சம்பளம் இவ்வளவுக்குள் என்று ஒரு சீட்டு எழுதுகிறார்கள். மாப்பிள்ளை தேடும் வீட்டில் எழுதும் பட்டியல் போலத்தான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு புள்ளிவிவரத்தில் நூற்றுக்கணக்கான பெயர்களைச் சலித்து எடுப்பார்கள். அதில் சில டஜன் பேரை வீடியோவில் பார்ப்பார்கள். கடைசியாக ஏழெட்டுப் பேரை நேரில் பார்க்க ஆளனுப்புவார்கள். ஒரே ஆட்டக்காரரை வெவ்வேறு நாளில் வெவ்வேறு ஸ்கவுட் பார்ப்பார். சில இடங்களில் முதலில் பார்த்தவர் எழுதிய அறிக்கையை இரண்டாமவருக்குக் காட்ட மாட்டார்கள். ஒருவர் 'பிரமாதம்' என்று எழுதியதைப் படித்துவிட்டுப் போனால் அடுத்தவர் கண்ணுக்கும் பிரமாதமாகத்தானே தெரியும்.

நேரில் போகிறவர் எதைப் பார்க்கிறார்? பந்தை அல்ல. வீடியோ எப்போதும் பந்தின் பின்னால் போகிறது; நேரில் வந்தவர் பந்து இல்லாத இடத்தைப் பார்க்கிறார். பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று விநாடி இந்தப் பையன் என்ன செய்கிறான்? தலையில் கை வைத்து நிற்கிறானா, துரத்துகிறானா? சக ஆட்டக்காரன் தப்புச் செய்தால் கையை விரிக்கிறானா? பந்து வருமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறானா? மாற்றி உட்கார வைத்தால் முகம் எப்படிப் போகிறது? இதையெல்லாம் எழுதிக்கொள்கிறார்.

லெஸ்டர் சிட்டி ஸ்கவுட் ஸ்டீவ் வால்ஷ் பிரான்சில் லெ ஹாவ்ர் அணியில் வேறொருவரைப் பார்க்கப் போனார். போன இடத்தில் கண் இன்னொருவன் மேல் நின்றது. ஒல்லியான ரியாத் மஹ்ரெஸ். 2014 ஜனவரியில் ஏறத்தாழ 4 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். 2016இல் லெஸ்டர் இங்கிலாந்தின் சாம்பியன். 2018இல் அதே மஹ்ரெஸ் 6 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் வால்ஷின் கண்ணைப் புகழ்வார்கள். எனக்குப் படுவது வேறு. வால்ஷ் அந்த மைதானத்தில் இருந்ததற்குக் காரணம் அங்கே ஓர் ஆட்டம் நடந்தது. பிரான்சின் இரண்டாம் பிரிவு லீக், நேரம் குறித்து, தேதி குறித்து, பெயர்ப் பட்டியலோடு நடந்த ஆட்டம். தேடி வருகிறவர் ஆட்டக்காரரைத் தேடி வருவதில்லை. ஆட்டத்தைத் தேடி வருகிறார். ஆட்டக்காரர் அதற்குள் அகப்படுகிறார்.

கொல்கத்தா குகாவும் அதைத்தான் செய்தார். ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ அதையே தலைகீழாக நிரூபிக்கிறது. பாஸ்க் நாட்டில் பிறந்தவர், அல்லது அங்கே ஆட்டம் கற்றவர் மட்டுமே அந்தக் கிளப்பில் ஆட முடியும். ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் உள்ள சின்ன நிலப்பரப்பு. ஆனால் ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து அவர்கள் ஒருமுறைகூட இறங்கியதில்லை. பாஸ்க் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்பவர்களை நான் நம்புவதில்லை. அங்கே ஒவ்வொரு சிற்றூரிலும் வாரம் தவறாமல் ஒன்பது வயதுக்காரர்களுக்கும் ஆட்டம் நடக்கிறது, அந்தச் சிறு கிளப்புகளோடு பில்பாவோ உறவு வைத்திருக்கிறது. வலை பின்னி வைத்திருக்கிறார்கள், மீன் தப்பவில்லை.

நம் மாநிலத்து வரைபடத்தையும் அப்படியே பாருங்கள். குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். ஊர் மன்றங்கள், ஊர்ப் போட்டிகள், தோற்றால் வீட்டுக்குப் போக முடியாத அளவுக்குக் கூட்டம். மைக்கேல் சூசைராஜ் அங்கிருந்து வந்து சென்னை சிட்டி அணிக்கு ஐ-லீகில் ஆடி, ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் போனார். வட சென்னையில் வியாசர்பாடி; அங்கே வளர்ந்த தன்பால் கணேஷ் 2018இல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் அணியில் இருந்தார். கடலூரைச் சொல்லாமல் போனால் தங்கைகள் மன்னிக்க மாட்டார்கள். இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றது. ஆண்கள் கணக்கை இதோடு ஒப்பிட வேண்டாம், நல்ல நாளில் ஏன் சண்டை.

இந்த ஊர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது? கடல் இல்லை, வியாசர்பாடியில் ஏது கடற்கரை? வறுமை என்பார்கள், வறுமை மட்டும் போதுமென்றால் ஜவ்வாது மலை இந்நேரம் உலகக் கோப்பையை வாங்கியிருக்கும். பொதுவாக இருப்பது ஆட்டம். பெரியவன் ஆட, சின்னவன் பார்க்க, பத்து ஆண்டு கழித்துச் சின்னவன் ஆட, இடையில் ஒரு நாள்கூட மைதானம் சும்மா கிடக்காத ஏற்பாடு.

மலைக்கு வருகிறேன். மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு அதிகம், அதனால் ஓடுவார்கள் என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். பாராட்டு மாதிரித் தெரியும், பாதிதான் உண்மை. கென்ய ஓட்டக்காரர்கள் பயிற்சி எடுக்கும் மேட்டு நிலத்தின் உயரத்தில் நம் மலை பாதிகூட இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வந்ததால் கால் உரமாகியிருக்கலாம். ஆனால் கால்பந்துக்குச் சமதளம் வேண்டும், இங்கே கிடைப்பதற்கு அரிதான பொருள் அதுதான். சாமை விதைக்கக் கிடைத்த தட்டையான இடத்தில் கோல்போஸ்ட் நடச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

உங்கள் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 1988இல் ராஜமோகன் குழுவினர் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள்; அதற்கு இராமானுஜன் என்று பெயர். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வானத்தின் ஒரே துண்டை ஒருமுறை படமெடுப்பார்கள், இடைவெளி விட்டு இன்னொருமுறை எடுப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். இடம் மாறிய புள்ளிதான் சிறுகோள். ஒரே படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. ஸ்கவுட் வேலையும் இதுதான். 14 வயதில் இந்தப் பையன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பது முக்கியமில்லை. ஆறு மாதத்துக்கு முன் பார்த்ததைவிட எவ்வளவு நகர்ந்திருக்கிறான் என்பதே கேள்வி. அதற்கு முதல் படம் வேண்டும்.

அதனால்தான் ஒருநாள் ட்ரையல்ஸ் எனக்கு ஒப்பாது. நெஞ்சில் நம்பர் குத்திய நூறு பையன்கள், ஆளுக்கு இருபது நிமிடம், முன்பின் தெரியாத பத்துப் பேரோடு ஆட்டம். பாஸ் கொடுப்பவன் முட்டாள். எவனும் கொடுக்க மாட்டான். எல்லாரும் தனியாக ஓடுவார்கள். பந்தைப் பகிரத் தெரிந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பகிராதவனை எடுத்துக்கொண்டு, பிறகு அவனுக்குப் பகிரக் கற்றுக்கொடுப்பார்கள். நம் பள்ளிகளில் நடக்கும் உலகத் திறனாய்வில் ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் அளக்கிறார்கள். நல்லதுதான், தடகளத்துக்கு அது நேர் வழி. ஆனால் 100 மீட்டரை வேகமாக ஓடுபவனுக்கு எப்போது ஓடக் கூடாது என்று தெரியுமா என்பதை எந்த டேப்பும் அளக்காது.

என் கதை ஒன்று. 15 வயதில் ஒரு செலக்‌ஷனுக்குப் போனேன். எங்கே என்று சொல்ல மாட்டேன், ஆள் எடுக்க வந்தவரும் இப்போது இல்லை. சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. தலை அதைத் தொட்டால்தான் மைதானத்துக்குள் விடுவார்கள். எனக்கு நான்கு விரல் குறைந்தது. பந்தைத் தொடாமலேயே பேருந்து ஏறினேன். பல ஆண்டு கழித்து அந்துவான் கிரீஸ்மன் கதை தெரியவந்தபோது சிரிப்பு வந்தது. உயரம் போதாது, உடல் மெலிவு என்று பிரெஞ்சுக் கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய பையன். எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் ரியல் சோசியதாத் எடுத்துக்கொண்டது. 2018இல் பிரான்சுக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்தவர்களில் ஒருவர். நான் கிரீஸ்மன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கோடு அழிந்தபாடில்லை என்று சொல்ல வந்தேன்.

கோடு ஏன் தப்பு? 14 வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக நிற்பார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது சில விரல் உயரம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். நமக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்த தலைமுறை நாம். பிறந்த நாளை வாத்தியார் எழுதினார். வகுப்பில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள். அது அறியாமை, மன்னிக்கலாம். இப்போது அறிந்தே இரண்டு ஆண்டு குறைக்கிறார்கள். அதற்காகத்தான் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கும் சோதனை வந்தது. காது பொய் சொல்லும், மணிக்கட்டு அவ்வளவாகச் சொல்லாது. பிடிபட்டால் போவது பையனின் ஆண்டுகள், யோசனை சொன்னவருக்கு ஒன்றும் ஆகாது.

காசில்லாத கிளப் எப்படி ஆள் எடுக்கும் என்றும் கேட்கலாம். மற்றவர் குனிந்து பார்க்காத இடத்தில் பொறுக்கும். லண்டனின் பிரென்ட்ஃபோர்டு 2016இல் தன் அகாதெமியை மூடிவிட்டு, பெரிய கிளப்புகள் வேண்டாமென்று தள்ளிய இளைஞர்களுக்காக 'பி' அணி தொடங்கியது. 2021இல் பிரீமியர் லீகுக்கு ஏறியது. நம் பக்கத்தில் சென்னை சிட்டி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிய, இங்கே யாரும் பெயர் கேட்டிராத பெட்ரோ மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்ற நால்வர். கோவை மைதானத்தில் 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக் சாம்பியன். மான்சி மட்டும் அந்தப் பருவத்தில் 21 கோல். பிறகு அந்தக் கிளப்பே நிலைக்காமல் போனது வேறு சோகம்.

பணக் கணக்கு ஒன்றைப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டக்காரர் விலைக்கு நாடு விட்டு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், அதன் பிறகு ஆண்டுக்கு அரை. 10 கோடி ரூபாய்க்கு ஒருவர் போகிறார், அவர் அந்த முதல் நான்கு ஆண்டும் ஒரு சிற்றூர்க் கிளப்பில் ஆடினார் என்றால், அந்தக் கிளப்புக்கு 10 லட்சம். 2022 நவம்பர் முதல் இதை வசூலித்துப் பிரிக்கப் பாரிசில் ஃபிஃபாவே ஓர் அமைப்பை நடத்துகிறது. ஆனால் அந்தக் கிளப் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், பையன் பெயர் அதில் ஆண்டுதோறும் பதிவாகியிருக்க வேண்டும். மரத்தடியில் விசில் ஊதி நான்கு ஆண்டு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் பதிவேடு இல்லையென்றால் கையெடுத்துக் கும்பிடுவதோடு சரி.

இன்னொன்று, ரகசியமில்லை. 18 வயதுக்குள் ஒருவரை வேறு நாட்டுக் கிளப் சேர்த்துக்கொள்வதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்திருக்கிறது. விலக்குகள் சில உண்டு, அவை அநேகமாக நமக்குப் பொருந்தாதவை. ஆகவே உங்கள் 14 வயதுப் பிள்ளையை ஐரோப்பாவில் கையெழுத்துப் போட வைக்கிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது மலையேறி வந்தால், டீ கொடுத்துக் கீழே அனுப்பிவிடுங்கள். நிஜமாக ஆள் எடுப்பவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார். அவர் கேட்பது ஒன்றுதான், அடுத்த ஆட்டம் எப்போது?

இங்கே வந்ததும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான். "எங்களப் பாக்க யார் சார் வருவாங்க?" பதிலாக நான் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். ஸ்கோர் ஷீட். இருபது பிரதி. தேதி, இடம், இரண்டு அணிப் பெயர், ஆளுக்கு ஒரு வரி, யார் எந்த நிமிடம் கோல் போட்டார், யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார். நீங்கள் மேலூர், கீழூர் என்று அணி பிரித்து ஆடுங்கள், ஏழு பேர் ஆட்டமானாலும் சரி, மைதானம் சாய்ந்திருந்தாலும் சரி, இதை நிரப்பி வையுங்கள். தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் நான்கு தாள் நிரம்பியதும் எனக்குத் தகவல் சொல்லுங்கள், பார்க்க வருகிறேன். எனக்கு ஸ்கவுட் வேலை கிடையாது, பழக்கம் மட்டும்தான் மிச்சம். இரண்டாவது முறையும் வருவேன்.

பிறந்த தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் வாத்தியாரிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.